முப்பத்திரண்டு மாணவர்களும் லண்டனும்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி, கல்லூரி மாணவர்களைக் குழுவாக லண்டனுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்வது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: மாணவர்கள் 32 பேர், ஆசிரியர்கள் 4 பேர், நான்கு நாள். முதல் நாளுக்கு மட்டும் பிரிட்டிஷ் மியூசியம், டவர் ஆஃப் லண்டன், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், கிரீனிச், வெஸ்ட்மின்ஸ்டர் என்று ஐந்து இடம் போட்டிருக்கிறோம். முடியுமா?

முடியாது. முடிந்தாலும் பிள்ளைகள் பார்த்தது ரயில் நிலையங்களாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 36 பேர் டியூப் (லண்டன் சுரங்க ரயில்) நிலையத்தின் கேட்டைக் கடக்க, எல்லாக் கார்டும் ஒழுங்காக வேலை செய்தாலே இரண்டு மூன்று நிமிடம். ஒரு கார்டு மக்கர் செய்தால் ஐந்து நிமிடம். பிறகு எஸ்கலேட்டர், பிளாட்ஃபார்மில் கூட்டிச் சேர்த்தல், தலை எண்ணுதல். இறங்கும் நிலையத்தில் இதே சடங்கு இன்னொரு முறை. ரயில் ஓடும் நேரம் போக, ஒவ்வொரு பயணத்துக்கும் கால் மணி நேரம் தனியாக ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஐந்து இடம் என்றால் தங்குமிடத்திலிருந்து கிளம்பித் திரும்புவது வரை ஆறு பயணம். ஒன்றரை மணி நேரம் கேட்டிலும் படியிலும் போய்விடும்.

உங்கள் பட்டியலில் இன்னொரு கோளாறு, அது ஊரைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டுகிறது. டவர் கிழக்கே, நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் மேற்கே, கிரீனிச் டவருக்கும் கிழக்கே, வெஸ்ட்மின்ஸ்டர் நடுவில். இப்படி மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க சவுத் கென்சிங்டன்: நேச்சுரல் ஹிஸ்டரி, சயன்ஸ், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்று மியூசியமும் அடுத்தடுத்து இருக்கின்றன. நிலையத்திலிருந்து மியூசியங்களை நோக்கி நீண்ட சுரங்க நடைபாதை இருப்பதால் மழை பெய்தாலும் கவலையில்லை. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, மூன்றாவதை விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் பிரிட்டிஷ் மியூசியமும் சோஹோ நடையும் (கீழே சொல்கிறோம்). மூன்றாம் நாள் டவர், அங்கிருந்து படகில் கிரீனிச். கடைசி நாள் வெஸ்ட்மின்ஸ்டரும் அதற்கு எதிர்க்கரையும். டவருக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுங்கள்.

நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தின் நடுக்கூடத்தில் 25.2 மீட்டர் நீள நீலத்திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. "அதன் கீழே கூடுவோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உலகத்தில் உள்ள எல்லாப் பள்ளியும் அங்கேதான் கூடும்.

கேள்வி: டியூபிலும் பஸ்ஸிலும் குழுவுக்கு எந்த டிக்கெட் மலிவு? ஆசிரியரின் ஒரே வங்கிக் கார்டை எல்லோருக்கும் தட்டலாமா?

கூடாது. ஒரு கார்டு ஒருவருக்கு மட்டும். முதல் ஆள் தட்டி உள்ளே போனதும் அந்தக் கார்டில் ஒரு பயணம் தொடங்கிவிடும். இரண்டாவது ஆளுக்கு அதையே தட்டினால் கணக்கு குழம்பும், கேட்டும் திறக்காது.

வயதைப் பொறுத்து வழி மாறும். 11 வயதுக்குக் குறைந்தவர்கள், கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் நான்கு பேர் வரை டியூபில் இலவசம். 11 முதல் 15 வயது வரை 'யங் விசிட்டர்' சலுகை உண்டு: சாதாரண ஆய்ஸ்டர் கார்டை (பணம் ஏற்றித் தட்டும் பயண அட்டை) வாங்கி, டியூப் நிலைய ஊழியரிடம் கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். 14 நாள் வரை பாதிக் கட்டணம். வங்கிக் கார்டிலோ போனிலோ இந்தச் சலுகை ஏறாது. முப்பது கார்டுக்கு ஊழியர் இதைச் செய்து முடிக்க நேரம் பிடிக்கும், ஆகவே வந்திறங்கிய அன்று மாலை, நெரிசல் தணிந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் ஓர் ஆசிரியரும் சில மாணவர்களுமாகப் பிரிந்து போய் முடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எட்டரைக்குக் கவுண்டரே இல்லாத நிலையத்தில் போய் நின்று ஊழியரைத் தேடும் குழுக்கள்தான் அதிகம். 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டு மாணவருக்குப் பெரியவர் கட்டணம் என்றே திட்டமிடுங்கள்.

பணம் வீணாகும் இடங்கள் மூன்று. முதலாவது, உள்ளே போகும்போது போனைத் தட்டி, வெளியே வரும்போது பிளாஸ்டிக் கார்டைத் தட்டுவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு கார்டுகள்; இரண்டு அரைகுறைப் பயணம், இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். இரண்டாவது, டிஎல்ஆர் எனப்படும் டாக்லேண்ட்ஸ் ரயில். கிரீனிச்சுக்கு இதில்தான் பலர் போவார்கள். இதன் பல நிலையங்களில் கேட்டே கிடையாது, கம்பத்தில் ஒரு தட்டும் கருவி மட்டும் நிற்கும். பேசிக்கொண்டே தட்டாமல் தாண்டிப் போய்விடுவார்கள், அந்தப் பயணமும் அரைகுறையாகிவிடும். பஸ்ஸில் நேர்மாறு: ஏறும்போது மட்டும் தட்ட வேண்டும். பஸ்ஸில் 2014-லிருந்து ரொக்கம் வாங்குவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். மூன்றாவது, ஆற்றுப் படகு. அங்கும் ஆய்ஸ்டர் செல்லும், ஆனால் டியூபுக்கும் பஸ்ஸுக்கும் உள்ள தினசரி உச்சவரம்பில் (ஒரு நாளில் அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள்) படகுக் கட்டணம் அடங்காது. தனிச் செலவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் உச்ச நேரம். கட்டணம் கூடுதல் என்பதைவிட, அந்தக் கூட்டத்தில் 36 பேர் ஒரே ரயிலில் ஏறவே முடியாது என்பதுதான் விஷயம். மியூசியங்கள் பெரும்பாலும் பத்து மணிக்குத்தான் திறக்கின்றன. ஒன்பதரைக்குக் கேட்டைத் தாண்டினால் போதும்.

கேள்வி: ரயில் கதவு மூடி, பாதிப் பேர் உள்ளே பாதிப் பேர் வெளியே என்று ஆகிவிட்டால்?

ஆகும் என்றே வைத்துக்கொண்டு விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். உள்ளே போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி, பிளாட்ஃபார்மை விட்டு நகராமல் நிற்க வேண்டும். வெளியே நின்றவர்கள் அதே தடத்தில் வரும் அடுத்த ரயிலில் ஏறி அங்கே இறங்க வேண்டும். யாரும் யாரையும் தேடித் திரும்பி வரக் கூடாது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் தேடக் கிளம்பினால்தான் தொலைவார்கள். சுரங்கத்தில் எல்லா இடத்திலும் போன் சிக்னல் கிடைக்காது, எனவே "போன் பண்ணிக்கலாம்" என்பது திட்டம் ஆகாது.

எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, ஒவ்வோர் எட்டும் ஒரே கதவில் ஏறட்டும். நான்கு குழுவும் ஒரே பெட்டியில் ஏறியாக வேண்டிய கட்டாயம் இல்லை; எந்த நிலையத்தில் இறங்குவது என்பது எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தால் சரி. எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு. இதை மறந்தால் பின்னாலிருந்து முனகல் கேட்கும்.

நிலையத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ரஸ்ஸல் ஸ்குயர் பக்கம்தான், ஆனால் அங்கே எஸ்கலேட்டர் கிடையாது, லிஃப்ட்தான். 36 பேர் லிஃப்டுக்குக் காத்திருப்பதைவிட ஹோபர்னிலோ டாட்டன்ஹாம் கோர்ட் ரோடிலோ இறங்கி நடப்பது வேகம். காவண்ட் கார்டனும் லிஃப்ட் நிலையமே. பொறுமையில்லாமல் படியில் ஏறினால் 193 படி. பக்கத்து லெஸ்டர் ஸ்குயரில் இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள்.

கேள்வி: மியூசியத்தில் மாணவர்களுக்கு இருபது கேள்வி கொண்ட தாள் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். போதுமா?

அதிகம். இருபது கேள்வி கொடுத்தால் பிள்ளைகள் பொருளைப் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். ஒருவர் முதலில் எழுத, மீதி ஏழு பேர் அதைப் பார்த்து எழுதுவார்கள்.

ஒரு மாணவருக்கு ஒரு பொருள், இருபது நிமிடம். முதல் பத்து நிமிடம் குறிப்பைப் படிக்காமல் வரைய வேண்டும் (பென்சில் மட்டும், பேனா வேண்டாம்). அடுத்த ஐந்து நிமிடம் எதனால் செய்தது, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். அதன் பிறகே குறிப்பைப் படிக்கலாம்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் நான்காம் அறை ரொசெட்டாக் கல்லைச் சுற்றி எப்போதும் கூட்டம். 1799-ல் எகிப்தில் கிடைத்தது, ஒரே ஆணையை மூன்று எழுத்துமுறைகளில் சொல்வது. முன்னால் நின்று வரைய முடியாது. முதலாம் அறையில் அதன் நகல் இருக்கிறது, தொட்டே பார்க்கலாம். பாடத்தை அங்கே நடத்திவிட்டு, அசலைப் போகிற போக்கில் காட்டுங்கள். 33-ஏ அறையில் அமராவதி ஸ்தூபிச் சிற்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலான குழுக்கள் எட்டிப் பார்க்காத அறை என்பதால் வரைய நிம்மதியான இடமும்கூட. இந்தக் கற்கள் எப்படி இங்கே வந்தன என்ற கேள்வியை அங்கேயே எழுப்பலாம். மாணவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், நல்லதுதான்.

நுழைவு இலவசம் என்றாலும் பத்துப் பேரோ அதற்கு மேலோ போகும் குழு முன்பதிவு செய்ய வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியை உள்ளே விடுவதில்லை. விமானம் ஏறும் நாளில், அறையைக் காலி செய்த கையோடு மியூசியத்துக்கு வந்து வாசலில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும் கூத்து.

கேள்வி: எங்கள் மாணவர்கள் உயிரியல், பொது சுகாதாரம் படிப்பவர்கள். மியூசியம் தவிர வேறு இடம்?

சோஹோவின் பிராட்விக் தெரு. 1854 ஆகஸ்ட் இறுதியில் இங்கே காலரா வெடித்து, அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது இதன் பெயர் பிராட் தெரு. காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், டாக்டர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, தெருவின் அடிகுழாய்தான் காரணம் என்றார். செப்டம்பர் 8-ல் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இன்று அங்கே மாதிரிக் குழாய் ஒன்று நிற்கிறது. பக்கத்து மதுக்கூடத்துக்கு அவர் பெயர். அவரோ மது தொடாதவர்.

இங்கே நின்று கதை சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். புதிராகக் கொடுங்கள். அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் ஐந்து பேர்தான் இறந்தார்கள், ஏன்? பீர் ஆலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள்; ஏன்? வெகு தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு பெண்மணி இறந்தார், எப்படி? விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது, ஆலைக்காரர்கள் பீர் குடித்தார்கள், அந்தப் பெண்மணி இந்தக் குழாய்த் தண்ணீர்தான் ருசி என்று தினமும் வரவழைத்துக் குடித்தார். கடைசிக் கேள்வி கடினமானது: கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றதா? அதற்கு முன்பே சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது; அதை ஸ்னோவே ஒப்புக்கொண்டார். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வது அரிது.

அங்கிருந்து டிராஃபல்கர் ஸ்குயர் வழியாக தேம்ஸ் கரைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தையே திணறடித்தது. அதன் பிறகே பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டின் கழிவுநீர்த் திட்டத்துக்குப் பணம் வந்தது. நீங்கள் நிற்கும் கரைச்சாலையான விக்டோரியா எம்பேங்க்மென்ட் 1870-ல் திறந்தது, அடியில் கழிவுநீர்க் குழாயும் டியூப் தடமும் ஓடுகின்றன. கரைச்சுவரில் அவர் நினைவுச் சின்னம், 'ஆற்றுக்கு விலங்கிட்டவர்' என்று லத்தீனில். நீர் வற்றும்போது தெரியும் ஆற்றுமணலில் மாணவர்களை இறக்கிப் பொருள் பொறுக்க விடாதீர்கள். அதற்குத் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும், ஏற்றநீரும் விரைவாக வரும்.

கேள்வி: விசாவில் குழுக்கள் எங்கே தவறுகின்றன?

உடன் வரும் பெரியவர் பெயரில். விசா தேவைப்படும் நாட்டு மாணவர் 18 வயதுக்குக் கீழே இருந்து, பெற்றோர் அல்லாதவருடன் வந்தால், அந்தப் பெரியவரின் பாஸ்போர்ட் விவரத்தை விண்ணப்பத்தில் தர வேண்டும். அந்த ஆசிரியர் காய்ச்சலில் படுத்து வேறொருவர் அழைத்து வந்தால் மாணவரை எல்லையில் நிறுத்தலாம். இரண்டு பெயர் தர இடமுண்டு, இரண்டையும் தாருங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஆங்கிலத்தில், லண்டனில் தங்கும் முகவரியோடு இருக்கட்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். அந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். விசா தேவையில்லாத நாட்டவருக்கும் இப்போது இணையவழி முன் அனுமதி உண்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக.

கேள்வி: அடையாள அட்டையில் என்னென்ன எழுத வேண்டும்?

வெளியே தெரியும் பக்கத்தில் மாணவர் பெயர் வேண்டாம்; முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும். பள்ளியின் பெயரும் இரு ஆசிரியர்களின் போன் எண்ணும் போதும். தங்குமிட முகவரி உள்பையில். ஆபத்துக்கு 999, அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111.

கேள்வி: டிசம்பரில் போகலாமா?

போகலாம், ஆனால் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெளியிடங்கள் எல்லாம் காலையில், மியூசியம் பிற்பகலில். 24 முதல் 26 வரை பிரிட்டிஷ் மியூசியம் மூடியிருக்கும்.

கேள்வி: கிரீனிச்சில் பூஜ்ஜியக் கோட்டின் (தீர்க்கரேகைகளை எண்ணத் தொடங்கும் கோடு) மேல் நின்றால் போன் பூஜ்ஜியம் காட்டாது என்கிறார்களே?

உண்மை. போனின் பூஜ்ஜியம் அந்தக் கோட்டுக்கு 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் இருக்கிறது. 1884 மாநாட்டில் ஏற்ற கோடு, ஒரு தொலைநோக்கியை அந்த இடத்தின் ஈர்ப்புத் திசைக்கு நேராக நிறுத்திக் குறித்தது. அந்த இடத்தில் ஈர்ப்புத் திசை சற்றே சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் முறையோ பூமியின் நிறை மையத்தை வைத்துக் கணக்கிடுகிறது. மாணவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்து பூஜ்ஜியத்தைக் கண்டுபிடிக்கட்டும். குன்றின் மேலிருந்து நகரம் முழுக்கத் தெரியும், அதுவும் இலவசமாக. லண்டன் ஐ சக்கரத்துக்கு வைத்திருந்த பணத்தைப் படகுக்குச் செலவிடுங்கள். பகல் 12.55-க்கு அங்குள்ள வானாய்வகத்தின் கோபுரத்தைப் பார்த்து நில்லுங்கள்: சிவப்புப் பந்து பாதி ஏறும், 12.58-க்கு உச்சி, சரியாக 1 மணிக்கு விழும். ஆற்றிலிருந்த கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க 1833-ல் வைத்தது. காற்று பலமாக அடிக்கும் நாளில் ஏறாது.