புது போன் வாங்கும்முன் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்த்தால் போதுமா?

கேள்வி: கல்லூரியில் சேரும் மகளுக்கு போன் வாங்க வேண்டும். சீனத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிகிறார்கள் என்று படித்ததிலிருந்து மனம் ஒப்பவில்லை. ‘மேட் இன் இந்தியா’ போட்டிருப்பதை வாங்கினால் சரியாகிவிடுமா? எந்த பிராண்டை நம்பலாம்?

பதில்: அதை மட்டும் பார்த்தால் போதாது. பெட்டியில் இருக்கும் நாட்டின் பெயர், பாகங்களைக் கடைசியாகப் பொருத்திய இடத்தைத்தான் சொல்கிறது. திரையும் சிப்பும் கேமராவும் வேறு வேறு நாடுகளிலிருந்து வந்திருக்கும். பிராண்டை மாற்றினாலும் பெரிய பலனில்லை. ஃபாக்ஸ்கான் போன்ற ஒரே ஒப்பந்த நிறுவனம் பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கிறது.

நம் ஊரில் செய்தது என்பதும் உத்தரவாதம் ஆகாது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில், கெட்டுப்போன சாப்பாட்டால் 250க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்த பிறகுதான், தரையில் படுத்துத் தூங்கியதும் தண்ணீர் வராத கழிப்பறையும் ஊருக்கே தெரியவந்தன.

என்னைக் கேட்டால், நாட்டையும் பிராண்டையும்விட, ஆலைகளில் சீக்கிரம் செய்து முடிக்கச் சொல்லும் அவசரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சீனாவின் சூசோ நகரில், ஆப்பிளுக்கு வேலை செய்து கொடுத்த விண்டெக் நிறுவனத்தின் ஆலையில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனின் டச் ஸ்கிரீனைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை. முதலில் ஆல்கஹாலில் துடைத்தார்கள். அது காய நேரமாகிறது என்று என்-ஹெக்சேன் என்ற ரசாயனத்துக்கு மாற்றினார்கள். சட்டென்று ஆவியாகிவிடும், அதே நேரத்தில் இன்னும் நிறைய ஸ்கிரீன் துடைக்கலாம். ஆனால் அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்புகள் பாதிக்கப்படும். கை கால் மரத்துப்போய், நடக்கவே சிரமப்படும் நிலைக்குச் சிலர் வந்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் 2011இல் ஒப்புக்கொண்டது. போனின் பாகங்களைக் கடைசியாகப் பொருத்தும் வேலையில் அந்த ரசாயனத்தைத் தடை செய்தது 2014இல்தான்.

வேலை நேரத்திலும் இதே அவசரம்தான். சீனச் சட்டப்படி மாதத்துக்கு 36 மணிநேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது. 2012இல் தொழிலாளர் நிலையை ஆராயும் ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற அமைப்பு, சீனாவில் ஃபாக்ஸ்கானின் 3 ஆலைகளில் 35,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் விசாரித்தபோது, உற்பத்தி உச்சத்தில் இருந்த மாதங்களில் வாரத்துக்கு 60 மணிநேரத்துக்கு மேல் வேலை நடந்தது தெரிந்தது. அப்படியும் மூன்றில் ஒருவர் இன்னும் கூடுதல் நேரம் வேலை வேண்டும் என்றார். ஏனென்றால், சம்பளம் அடிப்படைத் தேவைக்கே போதவில்லை என்று 64 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். ‘அவர்களே விரும்பித்தான் செய்கிறார்கள்’ என்று நிறுவனங்கள் சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

புது மாடல் வரும் பருவத்தில் தற்காலிக ஆட்களைக் கொண்டுவந்து குவிப்பார்கள். சீனாவின் செங்சௌ நகரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் அவர்களின் பங்கு 10 சதவீதம் என்ற சட்ட வரம்பைத் தாண்டியதை ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் 2019இல் ஒப்புக்கொண்டன. அதுவும் ஐபோன் 11 வெளிவரும் நேரம்.

சரி, உங்கள் மகளுக்கு என்ன வாங்குவது? வீட்டில் ஓடுகிற போன் இருந்தால் பேட்டரியை மாற்றி அதையே கொடுங்கள். நிறைய போன்களில் பழுதாவது பேட்டரி மட்டும்தான். வாங்கியே ஆக வேண்டும் என்றால் போன வருட மாடலோ, பழையதைச் சரிசெய்து வாரன்ட்டியோடு விற்கும் ரீஃபர்பிஷ்டு போனோ போதும்; வெளியான வாரத்திலேயே ஓடிப்போய் வாங்க வேண்டாம். இன்னும் எத்தனை வருடம் சாஃப்ட்வேர் அப்டேட் வரும் என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். நான்கைந்து வருடம் ஓடினால் இடையில் ஒரு போன் வாங்குவது மிச்சம். நீங்கள் ஒருவர் செய்வதால் எந்த ஆலையிலும் ஷிப்ட் நேரம் குறைந்துவிடாது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம், அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தெந்த ஆலையில் செய்கிறார்கள், அங்கே எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் காண்ட்ராக்ட், ஓவர்டைம் இல்லாமல் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, சங்கம் வைக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது முதன்மையாகக் கேட்டது தங்கள் சங்கத்துக்கான அங்கீகாரத்தைத்தான். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்.