அக்காவிடம் கேளுங்க: நாட்டு மருந்து சாப்பிடுறத கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லலாமா?

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு மார்பகக் கேன்சர், பினாங்குல கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பாக்லிடாக்சல் கீமோ போயிட்டிருக்கு. சின்னம்மா பேச்சக் கேட்டு பெலாலாய் காஜாங்கிற மூலிகை இலைய அரைச்சு தினமும் ஜூஸ் குடிக்கிறாங்க, மஞ்சள் சத்து கேப்சூலும் சாப்பிடுறாங்க. டாக்டர் கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுறாங்க, திட்டுவாங்கன்னு பயம். நான் சொல்லலாமா?
- பட்டர்வொர்த் வாசகி

பதில்: சொல்லணும்மா, அடுத்த கீமோவுக்கு முன்னாடியே சொல்லிடணும். அம்மா மேல கோவப்படாதீங்க, இந்த வியாதில அவங்களா தனக்குன்னு செஞ்சுக்கிறது அந்த ஜூஸ் ஒண்ணுதான், அதையும் பிடுங்கிடுவாங்களோன்னு மறைக்கிறாங்க.

ஆனா மறைச்சா என்ன ஆகும்னு பாருங்க. பாக்லிடாக்சல உடைச்சு வெளியேத்துறது லிவர்தான், அதனாலதான் கீமோ நடக்குறப்ப ரத்தம் எடுத்து லிவரப் பாத்துக்கிட்டே இருக்காங்க. மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டு லிவர் கெட்ட கேஸுங்க இத்தாலி, ஆஸ்திரேலியாலல்லாம் பதிவாகியிருக்கு, மிளகுச் சத்து சேத்த கேப்சூல்னா மஞ்சள் இன்னும் அதிகமா ரத்தத்துல ஏறும். இப்ப அம்மாவோட லிவர் ரீடிங் ஏறிச்சுன்னு வைங்க, கேப்சூல் விஷயம் தெரியாத டாக்டர் கீமோதான் காரணம்னு நெனச்சு டோஸக் குறைப்பாங்க, இல்ல தள்ளிப்போடுவாங்க. வேலை செய்யுற மருந்து குறையும், கேப்சூல் பாட்டில் வீட்டுல அப்படியே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. கொழம்புல போடுற மஞ்சளுக்கு பயப்பட வேணாம்.

பெலாலாய் காஜாவ லேப்ல செல்லுங்க மேல சோதிச்சிருக்காங்க, மனுஷங்களுக்குக் கேன்சர் குறையும்னு உறுதியான ஆதாரம் இல்ல. பச்சையா அரைக்கிறதுல இன்னொரு ஆபத்து, கீமோவால வெள்ளை அணு (கிருமிய எதிர்க்கிற ரத்த அணு) இறங்கியிருக்கிற நாள்ல இலைல ஒட்டியிருக்கிற கிருமியே தொற்று வரப் போதும். காய்ச்சல் 38 டிகிரி தொட்டா வீட்டுல வச்சுப் பாக்காம உடனே ஆஸ்பத்திரி போயிடுங்க.

பாட்டில், இலை எல்லாத்தையும் பைல போட்டுக் கொண்டுபோங்க. தமிழ் பேசாத டாக்டர்னா அம்மா பாட்டுக்கு தலையாட்டிட்டு வந்துடுவாங்க, அதனால நீங்க கூட இருந்து "டாக்டர், மாக் சாயா அடா மாக்கான் உபாட் காம்போங்"னு (அம்மா நாட்டு மருந்து சாப்பிடுறாங்கன்னு) மலாய்ல ஆரம்பிச்சு விடுங்க, மிச்சத்த அம்மாவே சொல்லட்டும். எதுக்காக சாப்பிடுறாங்கன்னும் சொல்லணும், வாந்தியா, அசதியா, தூக்கம் இல்லையா? வாந்திக்கு அக்குபங்சர், அசதிக்கு லேசான யோகான்னு கீமோ கூடவே செய்யக்கூடியது இருக்கு. நம்ம கெப்பாலா பாத்தாஸ் ஆஸ்பத்திரிலயே 2007லேர்ந்து பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கு, ரெஃபரல் கேட்டுப் பாருங்க. டாக்டர் சிடுசிடுன்னா பார்மசிஸ்ட்கிட்டயாவது பாட்டிலக் காட்டிடுங்க, கீமோவ மட்டும் நிறுத்திடாதீங்க. 2018ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, வழக்கமான சிகிச்சை வேணாம்னு மாற்று மருத்துவம் மட்டும் எடுத்தவங்களுக்கு உயிர் போற ஆபத்து 2.5 மடங்கு, மார்பகக் கேன்சர்ல 5 மடங்குக்கும் மேல இருந்துச்சு.

இதப் படிக்கிற டாக்டர், நர்ஸுங்க யாராவது இருந்தா ஒரு வேண்டுகோள். "வேற மருந்து சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா நம்ம அம்மாமாருங்க இல்லன்னுதான் சொல்வாங்க, இலையையும் கஷாயத்தையும் அவங்க சாப்பாட்டுக் கணக்குல வச்சிருக்காங்க. ஜூஸ், கஷாயம், பொடி, கேப்சூல்னு பேர் சொல்லி, முகத்தச் சுளிக்காம கேளுங்க.

கேள்வி: அப்பாவுக்குக் குடல் கேன்சர், கீமோ நடக்குது. தமிழ்நாட்டுலேர்ந்து சித்த மருந்துப் பொடி பார்சல்ல வரவழைக்கலாமா? உருட் (மலாய் மசாஜ்) போகலாமா?
- செந்தூல் வாசகர்

பதில்: லேபிள் இல்லாத பொடி வேணவே வேணாம் தம்பி. பற்பம், செந்தூரம் மாதிரி மருந்துல பாதரசம், ஈயம் இருக்கலாம். இங்க மலேசியால பதிவான பாரம்பரிய மருந்துன்னா MAL-னு ஆரம்பிச்சு, எண்ணுக்குப் பின்னாடி T எழுத்து வர்ற நம்பர் இருக்கும், அது கேன்சரக் குணமாக்கும்னு குடுத்த சான்றிதழ் கிடையாது, அதையும் டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் சாப்பிடணும். கேன்சரக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதே மலேசியாவோட 1956 மருந்து விளம்பரச் சட்டப்படி தப்பு, அப்படிச் சொல்லி விக்கிறவங்ககிட்ட காசக் குடுக்காதீங்க. உருட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கிற அணு) எவ்வளவுன்னு கேளுங்க, குறைவா இருந்தா அழுத்துன எடமெல்லாம் ரத்தம் கட்டும். கட்டி இருக்கிற எடத்துலயும் கீமோ போர்ட் (மருந்து ஏத்த தோலுக்கடியில வைக்கிற கருவி) வச்ச எடத்துலயும் கை படக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கினா அது ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சதா இருக்கலாம், தேய்க்காம நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.