ஜான் ப்ரைனின் கட்டைவிரல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரை ஒன்றில் அமெரிக்கப் பாடகர் ஜான் ப்ரைன் பற்றி ஒரு வரி வந்திருந்தது. தேடிப்பிடித்துக் கேட்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. அவரை ‘இன்னொரு பாப் டிலன்’ என்றே எங்கும் எழுதுகிறார்கள். அது சரியா? பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளை விட்டு வந்தபின் எப்படித் தாக்குப்பிடித்தார்? கடைசியாக, என் சொந்தத் தொல்லை ஒன்று. மூன்று மாதமாக அவர் பாணியில் கிட்டார் பழகுகிறேன். வாசிக்க வருகிறது. வாயைத் திறந்தால் கட்டைவிரல் நின்றுவிடுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் தொல்லைக்குள்ளேயே முதல் இரண்டு கேள்விகளுக்கும் பாதி பதில் இருக்கிறது.

‘இன்னொரு டிலன்’ என்பது 1970களின் தொடக்கத்தில் கிட்டாரும் சொந்தப் பாட்டுமாக வந்தவர்கள் முதுகிலெல்லாம் ஒட்டப்பட்ட சீட்டு. டிலனின் பாதிப்பு ப்ரைனிடம் உண்டுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ப்ரைன் பிறந்தது 1946 அக்டோபரில், சிகாகோவை ஒட்டிய மேவுட்டில். அண்ணன் டேவ் அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தபோது வயது 14. டிலனின் முதல் இசைத்தட்டு வந்ததோ 1962இல். கை அதற்கு முன்பே பழகிவிட்டது.

அந்தக் கை எங்கிருந்து வந்தது? பெற்றோருக்குச் சொந்த ஊர் மேற்குக் கென்டக்கியின் முலென்பெர்க் வட்டாரம். நிலக்கரி பூமி. கட்டைவிரலால் அடிக்கம்பிகளை மாற்றி மாற்றித் தட்டி, மேல்கம்பிகளில் மெட்டை எடுக்கும் வாசிப்பு அந்தப் பக்கத்துச் சொத்து. ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்து கென்னடி ஜோன்ஸ், மோஸ் ரேகர் என்று கைமாறி மெர்ல் டிராவிஸிடம் வந்து அவர் பெயரிலேயே நிலைத்தது. டிராவிஸும் முலென்பெர்க்காரர்தான். புகழ் கடைசி ஆளுக்குப் போவது இசையில் புதிதல்ல. இதோடு பழைய நாட்டுப்புறப் பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுகளும், கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் எளிய சொற்களும் ப்ரைனிடம் சேர்ந்தன.

இந்த வாசிப்பில் கட்டைவிரல்தான் மேளம். கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணவேண்டும், ஆறாவதுதான் தடித்தது. சி கார்டில் (கார்டு என்பது சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, மறுபடி ஐந்து, நான்கு என்று நாலு தட்டுக்கும் விரல் இறங்கவேண்டும். ஜி என்றால் ஆறும் நான்கும், டி என்றால் நான்கும் மூன்றும். உள்ளங்கையின் அடிப்பகுதி பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டார் உடலில் பொருந்தும் கட்டை) ஓரம் அடிக்கம்பிகளின் மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ‘தும் தும்’ என்று அடங்கி ஒலிக்கும். கை முன்னால் நகர்ந்தால் சுருதியே செத்துவிடும். மூன்றாம் கம்பியைத் தொட்டால் மெட்டு மழுங்கும்.

மேளக்காரரைக் கையிலேயே வைத்திருப்பவருக்கு மேடையில் பெரிய குழு வேண்டாம். ப்ரைன் தனித்து நிற்க முடிந்ததற்கு இது முக்கியமான காரணம் என்பேன். தபால்காரராக இருந்து, தெருத்தெருவாக நடக்கும்போதே பாட்டுக் கட்டியவர் அவர். 1970இல் சிகாகோ சன் டைம்ஸ் நாளிதழின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அவரைப் பற்றி எழுதினார். 1971இல் அட்லாண்டிக் கம்பெனி முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அங்கே 4 ஆல்பம், பிறகு அசைலம் கம்பெனியில் 3. அதன்பின் மேலாளர் அல் புனெட்டா, நண்பர் டான் ஐன்ஸ்டீன் இருவரோடும் சேர்ந்து ‘ஓ பாய்’ என்ற சொந்தக் கம்பெனி. அதன் முதல் ஆல்பம் 1984இல் வந்தது. ரசிகர்கள் முன்கூட்டியே தபாலில் காசோலை அனுப்பினார்கள், அந்தப் பணம் பதிவுக்குப் போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. சொல்லும் மெட்டும் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று. பெரிய கம்பெனிகள் வழக்கமாகப் பணம் போட்டு இரண்டாவதைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளும். சொந்தக் கம்பெனி என்றால் அதுவும் பாடகர் பக்கமே நிற்கும். சிறு கூட்டம் வாங்கினாலும் கட்டுப்படியாகும். 1991இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. 2018இல் வந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்ட் 200 தரவரிசைப் பட்டியலில் 5ஆம் இடம் பிடித்தது. அதுவரை அவர் தொடாத உயரம் அது, அதுவும் 71 வயதில்.

நடுவில் 1998இல் கழுத்தில் புற்றுநோய், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. குரல் கரகரத்துக் கீழே இறங்கிவிட்டது. பழைய பாட்டுகளின் சுருதியை இறக்கிப் பாடினார். கேப்போ (கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்தி மாட்டும் கவ்வி) சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்காது. ஜியில் பாடியதை ஈக்கு இறக்க வேண்டுமென்றால் சி வடிவத்துக்குப் போய் நான்காம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்திலுள்ள குறுக்குக் கட்டம்) கேப்போ போடவேண்டும், அல்லது டி வடிவமும் இரண்டாம் ஃப்ரெட்டும். அவ்வளவு இறக்க வேண்டாமென்றால், மொத்தக் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் தளர்த்துவது இன்னொரு வழி. ஆனால் 12 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) கம்பி அப்போது தொளதொளத்துச் சலசலக்கும், 13க்கு மாற்றவேண்டியிருக்கும். கார்டு வடிவம் மாறினால் கட்டைவிரல் போகும் கம்பிகளும் மாறும். 

இனி உங்கள் விரல். பாடும்போது அது ஏன் நிற்கிறது? அது தாளத்தை விட்டுவிட்டு உங்கள் சொற்களைப் பின்தொடர்கிறது. நெடில் நீளும் இடத்தில் தானும் காத்திருக்கும், வரி தட்டுக்கு முன்னாலேயே தொடங்கினால் தடுக்கி விழும். அதீத எடுப்பில், அதாவது தாளத்துக்கு முன்பே தொடங்கும் பாட்டில், பாடும்போது கை தாளம் தப்புமே, அதே நோய்தான்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரே கார்டு, கட்டைவிரல் மட்டும், இரண்டு நிமிடம். நிறுத்தாமல் பாட்டின் வரிகளைப் பேசுங்கள், பாடாதீர்கள். பேச்சு தடையின்றி வந்தபின் பாடுங்கள். அதன்பிறகு கார்டு மாற்றம். ஆள்காட்டி விரலைக் கடைசியில் சேருங்கள், அதுவும் இரண்டாம் கம்பியில், தட்டுகளுக்கு நடுவில் மட்டும். எந்தச் சொல்லில் விரல் தடுக்குகிறதோ அதைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த அரை வரியை மட்டும் இருபது முறை திருப்புங்கள். முழுப் பாட்டையும் முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நன்றாக வரும் இடம் மேலும் நன்றாக வரும், தடுக்கும் இடம் அப்படியே தடுக்கும்.