ஓட்டில் இருப்பது வீட்டின் வயதா?

கேள்வி: ராமேசுவரத்தில் இருக்கும் எங்கள் வீடு, 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து கட்டியது என்கிறார்கள். ஓட்டில் 1865 என்று இருக்கிறது. வீடு அவ்வளவு பழையதா? சுவரின் சிமென்ட் பூச்சும் உப்புப் பூத்து உதிர்கிறது.

பதில்: ஓட்டை நம்பாதீர்கள். 1865, மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பு ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. பிறகு செய்த ஓடுகளிலும் அதையே பதித்தார்கள்.

முருகைக் கல், அதாவது கடல் பவளக் கல்லால் கட்டிய சுவர், சுவராகவே இடம் மாறாது. கல்லை உதிர்த்துத்தான் மறுபடி கட்ட முடியும். வீடு வந்தது என்றால் பெரும்பாலும் மரமும் ஓடும் வந்தன என்றுதான் பொருள். ஆகவே உத்திரத்தைப் பாருங்கள். எதுவும் செருகாத வெற்றுத் துளை, பாதியில் அறுத்த கழுந்து (துளையில் செருகும் மரமுனை) இருந்தால் அந்த மரம் வேறெங்கோ வேலை செய்தது. கூரையின் சாய்வு மரமான கைமரத்தில், ஓடு தாங்கும் ரீப்பர் சட்டத்தை அறைந்த ஆணித் துளை இரண்டு வரிசையாக இருப்பது மட்டும் போதாது. நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு மங்களூர் ஓடு போட்டாலும் அப்படி விழும். கழுந்திலும் துளை வாயிலும் ஆசாரி உளியால் வெட்டிய குறிகளைத் தேடுங்கள். முதன்முறை கோக்கும்போதே குறி போடுவதுண்டு. ஆனால் ஒரே குறியுள்ள கழுந்தும் துளையும் ஜோடி மாறி நின்றால், ஒருமுறை பிரித்துக் கோத்திருக்கிறார்கள்.

மாடியைத் தண்டவாளம் தாங்குகிறதா? அதன் இடுப்பில், அதாவது நடுப்பட்டையில், ஆலைப் பெயரும் ஆண்டும் புடைத்திருக்கும். துருவைச் சுரண்டி, மேலே தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்தால் எழுத்து எழும்பும். அந்த மாடி அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. சுவர் முந்தியதாக இருக்கலாம், உத்திரத்தை மாற்றியிருந்தால்.

பூச்சுக்கு வருவோம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் சிமென்ட் அடைத்துக்கொள்கிறது. உப்பு பூச்சுக்குப் பின்புறம் படிகமாகி அதைத் தள்ளுகிறது. சிமென்ட்டை முழுக்க உரியுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் அடித்தால் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பும். பிறகு நீற்றின சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3. கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். மேலே வெள்ளையடிப்பு மட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பழைய கதைதான்.

சுவரில் கல் விழுந்த இடத்துக்குக் கடலிலிருந்து புதுக் கல் தேடாதீர்கள். 2001 முதல் பவளம் வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உதிர்ந்த கல்லையே கழுவி வையுங்கள், போதாத இடத்தில் செங்கல்.