மாடு மேயும் அதே புல்தானே, அதிலுள்ள சர்க்கரை குதிரைக்கு மட்டும் ஏன் ஆகாது?

புதிதாகக் குதிரை வாங்கியிருக்கிறீர்கள், "புல்தானே, அவிழ்த்து விடுங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரிதானே? நான் எனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு ஜீவனைப் படுத்தியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் படித்தபோது கைச்செலவுக்கு ஒரு லாயத்தில் வேலை பார்த்தேன். (சொந்தக்காரர்களுக்கு நான் இன்றும் "லண்டன் போய் லத்தி அள்ளினவன்". இருந்தது யார்க்‌ஷயரில். அந்த லத்திக் காசில் கடன் வாங்கியவர்களும் அவர்களேதான்.)

அங்கே ஒரு ஷெட்லாண்ட் மட்டக்குதிரை, என் இடுப்பு உயரம். ஏப்ரலில் இரவு உறைபனி, பகலில் பளீர் வெயில். குளிரில் புல் வளராது, பயமில்லை என்று நானாக முடிவுசெய்து நான்கு நாள் முழுப்பகலும் மேயவிட்டேன். வெயில் பட்டால் புல் சர்க்கரை செய்துகொண்டேதான் இருக்கும், வளராததால் செலவழிக்காது. ரைகிராஸ் போன்ற குளிர்நாட்டுப் புற்கள் மிச்சத்தை ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியாக அடித்தண்டில் சேர்த்துவைக்கும்.

மாட்டுக்கு நுண்ணுயிர்கள் முன்வயிற்றிலேயே காத்திருந்து சர்க்கரையைத் தின்றுவிடும். குதிரைக்கு அந்த ஏற்பாடு கடைசியில், பெருங்குடலில். அதனால் சுக்ரோஸ், குளுக்கோஸ் எல்லாம் நமக்குப்போலவே சிறுகுடலில் ரத்தத்தில் ஏறும், கூடவே இன்சுலினும். ஃபிரக்டானை உடைக்கும் நொதி குதிரையிடம் இல்லை. அதில் பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அளவு மீறினால் லாக்டிக் அமிலம் பெருகி, நார் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சாகும்.

ஐந்தாம் நாள் காலை அது நகரவில்லை. முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டுச் சாய்ந்து நின்றது. குளம்பு கையைச் சுட்டது. சற்று மேலே விரல் வைத்தால் நாடி தடதடவென்று அடித்தது. லேமினைட்டிஸ். குளம்பையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு விட்டுப்போகும் நோய். மிதமிஞ்சி ஏறும் இன்சுலினோ, புளித்துக் கெட்ட பெருங்குடலோ, கடைசியில் கைவைப்பது இங்கேதான்.

நான் மருத்துவர் இல்லை. "ஃபிரக்டான் கதை பழசு, இன்சுலின்தான் காரணம்" என்று கிளம்பி வருபவர்களுக்கு: தெரியும் ஐயா. மேய்ச்சலில் வருவது பெரும்பாலும் இன்சுலினால்தான், அதிலும் கழுத்தில் கொழுப்பு தடித்த மட்டக்குதிரைகளுக்கு. குதிரை வயிற்றில் குழாய்வழியே ஃபிரக்டானை ஒரேயடியாகக் கொட்டிய சோதனைகளை மேய்ச்சலுக்கு அப்படியே பொருத்த முடியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், புல்லைக் குறை.

பிழைத்துக்கொண்டது. அப்புறம் காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் போட்டோம். வடிக்கும் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். உறைபனி இல்லாத நாளில், விடியற்காலை மட்டும் மேய்ச்சல். அதுவும் நம் ஊரில் தாம்படிக்கும் மாட்டுக்குக் கட்டுவதுபோல் வாய்க்கூடு போட்டு. அதன் ஓட்டைவழியே ஒவ்வொரு இலையாக இழுத்துத் தின்றபடி என்னையே முறைக்கும்.