தணிவதும் தணிப்பதும்

அன்புள்ள ஐயா,

நாளுக்கு இருபது கடினமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்கிறேன். இரண்டு மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் நான்கைந்துகூட நினைவுக்கு வருவதில்லை, வருவதும் தவறாகிவிடுகிறது. 'மிட்டிகேட்' என்றால் 'தணி' என்று படித்து, புயல் தணிந்தது என்பதற்கு 'த ஸ்டார்ம் மிட்டிகேட்டட்' என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். பொருள் சரிதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொருள் சரி, அதைக் குறித்துவைத்த விதத்தில்தான் பிழை. 'தணி' என்ற வேரிலிருந்து தணிந்தது, தணித்தது இரண்டும் வரும். புயல் தானாகத் தணிகிறது. கரையோரக் காடு அதன் பாதிப்பைத் தணிக்கிறது. 'மிட்டிகேட்' இரண்டாவது வகை. 'எதை?' என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அது நிற்காது. தானாகத் தணிவதற்கு 'அபேட்' இருக்கிறது: 'த ஸ்டார்ம் அபேட்டட்'. ஆகவே வினைச்சொல்லுக்கு ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதாதீர்கள். 'ஒன்றின் பாதிப்பைத் தணித்தல்' என்று முழுதாக எழுதுங்கள்.

அடுத்தது, சொல்லின் கூட்டாளிகள். நமக்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும். 'தூக்கம் எடுக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'மிட்டிகேட்' அதிகம் சேர்வது ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் போன்றவற்றோடு. 'அலீவியேட்' பெயின், சஃபரிங், பாவர்ட்டியோடு சேரும், அதாவது ஏற்கெனவே அனுபவிக்கும் துன்பத்தோடு. எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பதே இதற்காகத்தான். ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியங்கள் பாருங்கள். வினைக்குப் பின் வரும் பெயர்ச்சொல்லை அடிக்கோடிடுங்கள். மூன்றிலும் ஒரே சாயல் தெரிந்தால் அதுதான் அந்தச் சொல்லின் இடம்.

இதற்கு மாணவர்களுக்கென்று தொகுத்த அகராதி வேண்டும். 1978இல் வந்த லாங்மன் அகராதி ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் தருகிறது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி முழு வாக்கியமாகவே பொருள் சொல்லும். யார் எதைச் செய்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'மெட்டிகுலஸ்' என்றால் சிறு விவரத்திலும் மிகுந்த கவனம் உள்ளவர். 'ஹி இஸ் மெட்டிகுலஸ்' என்று மட்டும் எழுதினால் போதாது. அங்கே 'டால்' (உயரமானவர்) என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்த பிறகே கையெழுத்திடுகிறார் என்ற செய்தி அதில் இருந்தால்தான் வேறு சொல் நுழைய முடியாது.

எழுதும்போது நினைவுக்கு வராததற்குக் காரணம், நீங்கள் சொல்லிலிருந்து பொருளுக்கு மட்டுமே பழகியிருப்பது. சொல்லுக்கு ஒரு சிறு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்கம் சொல்லுக்கு இடம் விட்ட வாக்கியமும் தமிழ்ப் பொருளும் இருக்கட்டும், பின்பக்கம் சொல். பார்க்காமல் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டினார். அதனால் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு இரண்டு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தவறினால் மறுநாளிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

நாளுக்கு ஐந்து புதுச் சொற்கள் போதும். இருபது என்றால் பத்தாம் நாளில் திருப்பிப் பார்க்க வேண்டியவை குவிந்து, எல்லாம் மேலோட்டமாகிவிடும். 'மிட்டிகேட்', 'அலீவியேட்', 'அபேட்' மூன்றையும் ஒரே நாளில் எடுக்கவே எடுக்காதீர்கள், ஒன்றோடொன்று குழம்பும். ஒன்று படிந்து ஒரு வாரம் ஆன பின் அடுத்ததை எடுத்து ஒப்பிடுங்கள்.

அந்த ஆயிரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலானவை வாசிக்கும்போது புரிந்தாலே போதும். நீங்கள் எழுதும் துறைக்கு வேண்டிய நூற்றைம்பதை மட்டும் அட்டைக்குக் கொண்டுவாருங்கள். கட்டுரை எழுதத்தான் என்றால், மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. உங்கள் பட்டியலை அதோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.