கொலுசில் விழுந்த கறுப்புக் கோடு

எழுதுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சேலத்தில் கொலுசு செய்யும் குடும்பத்துப் பெண் சொகுசுக் கப்பலில் போகிறாள். அங்கே ஒரு பயணியின் பழைய வெள்ளிக் கொலுசு திருடு போக, அவளே துப்பறிகிறாள். கப்பல் ஊழியர் ஒருவரோடு காதலும் உண்டு. காதல் அத்தியாயம் வந்தால் துப்பு நின்றுவிடுகிறது. துப்பு வந்தால் காதல் காணாமல் போகிறது. நான் கப்பலில் ஏறியதும் இல்லை. விட்டுவிடட்டுமா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. செவ்வாய்ப்பேட்டையில் இருபது வருடம் வாடகை நூல் நிலையம் நடத்தியவள் நான். துப்பறியும் கதையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருவர்கூட இடத்தைப் பற்றிப் பேசியதில்லை. "அவன்தான்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்பார்கள், இல்லாவிட்டால் "அந்தப் பொண்ணு பாவம்" என்பார்கள். இரண்டையும் ஒரே ஆள் சொன்னால் அந்தப் புத்தகம் அலமாரிப் பக்கமே திரும்பாது, கை மாறிக்கொண்டே இருக்கும்.

காதலையும் துப்பையும் ஒரே பொருளில் வையுங்கள். பொருள் உங்களிடமே இருக்கிறது. வெள்ளியோடு ரப்பர் பேண்டைச் சேர்த்து வைக்கக் கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுத்துவிடும். பட்டறையில் வளர்ந்த பெண்ணுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். சரி, காணாமல் போன கொலுசு ஒரு நாள் சலவைத் துணிகளுக்கு நடுவே கிடைக்கிறது. குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு. மற்றவர்கள் அழுக்கு என்று துடைக்கப் பார்க்கிறார்கள். யாரோ ரப்பர் பேண்ட் சுற்றி ஒளித்து வைத்திருந்தார்கள் என்று அவளுக்கு மட்டும் புரிகிறது. உடனே ஒரு கை ஞாபகத்துக்கு வருகிறது. வரவேற்பு மேசையில் ரசீதுகளைக் கட்டிவிட்டு, மிச்ச ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற கை. முதல் அத்தியாயத்தில் அவள் ஆசையாகப் பார்த்த அதே கை. (பயணம் இரண்டு வாரமாவது இருக்கட்டும். இரண்டு மூன்று நாளில் அவ்வளவு தெளிவாகக் கறுக்காது.)

அவன் திருடவில்லை. பின்னே ஏன் வாய் திறக்கவில்லை? பயணியோடு நெருங்கிப் பழகினால் ஊழியருக்கு வேலை போய்விடும். பல கப்பல் நிறுவனங்களில் இது கண்டிப்பான விதி. திருட்டு நடந்த இரவு அவன் பின்பக்கத் தளத்தில் அவளுக்காகத்தான் காத்திருந்தான். அவள் வரவில்லை, வேறொரு சின்ன சந்தேகத்தைத் துரத்திக்கொண்டு போயிருந்தாள். அவனுக்குச் சாட்சி இல்லாமல் போனதே அவளால்தான். இந்த இடத்தை மட்டும் அவசரப்படாமல் எழுதுங்கள், ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

கப்பல் ஏறாதது ஒரு குறையே இல்லை. மழையில் மலைப்பாதை அடைபட்டு, கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் பையை மடியிலிருந்து இறக்கவில்லை என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அதை அப்படியே கடலில் வையுங்கள். அப்புறம் இரண்டு விவரம். கப்பல் புறப்படும்போதே ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்று பயணிகளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு இந்த விதி இன்னும் இறுகியது. அவளும் அவனும் முதலில் சந்திக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இன்னொன்று, துறைமுகத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அன்று யார் கப்பலிலேயே தங்கினார்கள் என்பது அந்தப் பதிவில் இருக்கும்.

கேள்வி: நடுக்கடலில் திருட்டு நடந்தால் எந்த ஊர் போலீஸ் வரும்?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர், அந்தந்த நாட்டின் கடல். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற தூரம்கூட இல்லை. அதைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போனால், கப்பல் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுச் சட்டம். சொகுசுக் கப்பல்கள் நிறைய பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. இந்தியாவில் பதிவான கப்பல் என்றால், எந்தக் கடலில் இருந்தாலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம் பொருந்தும். எப்படியானாலும் அடுத்த துறைமுகம் வரும்வரை கேப்டனும் கப்பலின் பாதுகாப்பு அதிகாரிகளும்தான். ஏற்காட்டு வாசகியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். கரை விளக்கு தெரிவதற்குள் அந்தப் பெண் கண்டுபிடிக்காவிட்டால், விலங்கு அவன் கையில்தான் விழும்.